பொந்துக்குள் ஒரு கை

வண்டுப் புழுவின் எச்சத்தை எண்ணுவதற்கு டீஸ்பூன்தான் வசதி. பெரிய கரண்டி என்றால் உருண்டைகள் நொறுங்கிவிடும். இருபத்திரண்டு ஆண்டுகளாக வனக் காப்பகத்தில் என் வேலை இதுதான். பழைய மரப் பொந்துகளில் வாழும் வண்டு அது, பாதுகாக்கப்பட்ட இனம். பொந்தைக் கிளறக் கூடாது, புழுவைத் தொடக் கூடாது. ஆகவே பொந்து வாயில் ஒரு ஸ்பூன் மரத்தூளை அள்ளி, அதிலுள்ள எச்சத்தை எண்ணி, இத்தனை புழு இருக்கும் என்று எழுதி அனுப்புவேன்.

கடைசியில் ஒரே ஒரு மரம்தான் மிஞ்சியது. மற்றவற்றை வெட்டிவிட்டார்கள். வண்டி நிறுத்த நான்கு, நடைபாதைக்கு இரண்டு. வண்டைப் பற்றி விளக்கப் பலகை வைக்க ஒன்று. நீங்கள் சிரிக்கலாம், எனக்கு வரவில்லை. பதினோரு கடிதம் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. நான் அனுப்பிய படிவம் பழையதாம்.

மிஞ்சிய மரம் பாதைப் பக்கம் சாய்ந்திருந்தது. அதை வெட்டலாம் என்று கையெழுத்துப் போட வேண்டியவர் பாதைப் பாதுகாப்பு ஆய்வாளர், என் தங்கையின் கணவர். நல்ல மனிதர். அதை எங்கே கேட்டாலும் சொல்வேன். அவர் மரத்தைப் பார்க்க வருவதற்கு முந்தின ஞாயிறு இருவரும் என் வீட்டில் சாப்பிட்டார்கள்.

"ஒரு பூச்சிக்காக ஊரே சுத்திப் போகணுமா மச்சான்?"

"சுத்தினா தொப்பையாவது குறையும் மாப்பிள்ளை."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ பேசாம அந்த வண்டையே கட்டிக்கிட்டிருக்கலாம்ணா."

"செவ்வாக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுருவேன். கோவிச்சுக்காதீங்க," என்றார் அவர்.

கோபம் வந்தால் எனக்குக் கை நடுங்கும். அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

செவ்வாய் காலை நானே ஏணியைச் சாய்த்தேன். "கோட்டைக் கழட்டிட்டு ஏறுங்க, பட்டையில மாட்டிக் கிழிஞ்சிரும்." கழற்றித் தந்தார். அதன் உள்பையில் ஊசிமருந்து இருந்தது. குளவி கொட்டினால் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அந்த ஊசி இல்லாமல் எங்கும் போகமாட்டார். அவர்கள் கல்யாணமான நாளிலிருந்தே எனக்குத் தெரியும்.

"உள்ள என்ன மச்சான், ஏதோ சத்தம் கேக்குது?"

"புழு மரத்தை அரிக்கிற சத்தம். கையை விட்டுப் பாருங்க. உயிரோட பார்த்துட்டா கையெழுத்துப் போட மனசு வராது."

நம்பினார். முழங்கை வரை விட்டார்.

விழுந்த பிறகு கோட்டைக் கேட்டார். குரல் வரவில்லை, விரலால் காட்டினார். நான் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பாதை வளைவு வரை நடந்தேன். அங்கே நின்றேன். ஒன்பது நிமிடம் ஆயிற்று.

குளவி இருந்தது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். மூன்று கோடையாக அங்கேதான் கூடு. கொலை என்றே எழுதுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன், படிவம் புதியதாக இருந்தால்.

ஆனால் உங்கள் நிபுணர் சொன்னதை ஏற்க மாட்டேன். பொந்தை முழுக்கச் சலித்தாராம். ஒரு புழுகூட இல்லையாம். எச்சமெல்லாம் பல ஆண்டுப் பழையதாம், மக்காமல் அப்படியே கிடந்ததாம், நான் ஆண்டுதோறும் எண்ணியது அதைத்தானாம்.

அவர் எதைக் கொண்டு அள்ளினார் என்று விசாரியுங்கள். பெரிய கரண்டியாகத்தான் இருக்கும்.