போலந்துக்கு வைத்த நாள்

"...ரசாயன உரமும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை, அப்பிடி ஒரு தோட்டம். மண்ணும் கெடக்கூடாது, ஊர்ச்சனமும் முன்னேறவேணும். போலந்தில இப்ப அதுதான் கதை," என்றார் எனக்கு முன்னால் நின்ற மனிதர். தை மாதக் குளிரிலும், பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் மரக்கறிக் கடை வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பக்கத்தில் கூடையோடு நின்ற அவருடைய மனைவி கேட்டார்:

"ஆர் சொன்னது?"

"எங்கட ரெஸ்ரோறன்ட் குசினியில கோப்பை கழுவுற போலந்துக்காரன். போட்லாஸி எண்டு அவன்ரை ஊர்ப்பக்கம். காணி அவன்ரை, தோட்ட மூளை என்ரை. முதல் மண் கொத்த வாற வெள்ளிக்கு நாள் வைச்சிட்டன். நாளைக்கு வேலையை விடுறன்."

"பல்கணியில ஒரு கறிவேப்பிலைக் கண்டை வாழவைக்கத் தெரியேல்லை, போலந்தை வாழவைக்கப் போறாராம்! நாள் ஆர் பாத்தது?"

"கோயில் ஐயர். பஞ்சாங்கத்தில அதைவிட நல்ல நாள் இல்லையாம்."

"இஞ்சாருங்கோ, அங்கை இப்ப மண் கண்ணுக்குத் தெரியுதோ எண்டு அவனைக் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லைப் போலும். அங்கேயே போனை எடுத்து, தெரிந்த பிரெஞ்சில் விசாரித்தார். மறுமுனையில் எழுந்த சிரிப்பு வரிசைக்கே கேட்டது.

"என்னவாம்?"

"முழங்காலளவு பனியாம். கீழ மண் கல்லுப்போலையாம். பங்குனி வரைக்கும் அலவாங்கும் இறங்காதாம்."

"முருகா, காப்பாத்திப்போட்டாய்! அப்ப வேலையை விடத் தேவையில்லை."

"விசர்க்கதை கதையாதையும். மண்ணில பிழையில்லை, நாளிலதான் பிழை," என்றவர் வரிசையை விட்டு விலகி, வேறு நாள் கேட்கக் கோயில் பக்கம் நடந்தார்.