தேன் போட்ட கேக்

— பெட்டியைத் திறந்து வச்சு எவ்வளவு நேரமாச்சு இன்டாய். எட்டிக்கூடப் பார்க்க மாட்டேங்கறே.

— பார்த்தேன் மனாங். அழகா இருக்கு.

— அழகா இருக்குன்னு சொல்ற மூஞ்சியா இது? காலையில ஆறு மணிக்குப் படகு ஏறினேன். குய்மாராசுத் தீவுலேர்ந்து இங்க வர வரைக்கும் மடியிலயே வச்சிருந்தேன். அலை அடிச்சு என் பாவாடை நனைஞ்சுது, கேக் நனையல.

— இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். இங்க இலொய்லோவுலயே வாங்கியிருக்கலாம்.

— இங்க வாங்கினா யார் வாங்கினதாகும்? நீ எனக்கு இன்டாய், நான் உனக்கு மனாங், தங்கச்சி அக்கா மாதிரிதான்; ஆனா ரோவெலுக்கு நான் அத்தை மட்டும் இல்ல, ஞானத்தாய். முதல் பிறந்தநாளுக்கு ஞானத்தாய்தான் கேக் கொண்டு வரணும், முதல் வாயை அவதான் ஊட்டணும். ஆமாவா இல்லையா?

— ஆமாம்.

— நான் முதல்ல சொன்னது மூணு அடுக்கு. ஊதாக் கிழங்கு கேக்கு, மேல சீனிப் பூ, உச்சியில ஒரு கப்பல் பொம்மை. நீ என்ன பண்ணினே? சீனி வேண்டாம், பல்லு கெட்டுப்போகும், அது கெட்டுப்போகும்னு ஒரு வீடியோ அனுப்பினே. நான் கோவிச்சுக்கிட்டேனா?

— மூணு நாள் பேசல மனாங்.

— நாலாம் நாள் பேசினேன்ல? நேரா கடைக்காரிகிட்டப் போய் நின்னேன். பெத்தவ கேக்கறா, ஒரு துளி சீனி கூடாதுன்னேன். அவ என்னை ஏற இறங்கப் பார்க்கறா. சீனி இல்லாம கேக்கா, உப்பில்லாம கருவாடு கேப்பீங்களான்னு. அவளோட மல்லுக்கு நின்னு செஞ்சு வாங்கிட்டு வந்திருக்கேன். அரிசி மாவு, கனிஞ்ச வாழைப்பழம், கேரட்டு. மேல இருக்கறது கிரீம் இல்ல, தேங்காய்ப்பால் ஏடு.

— அப்ப இனிப்புக்கு?

— தேன். அன்டீக்கே மலைத்தேன். அதுல பாதியை ஏட்டுல கலந்திருக்கு, கையால தொட்டுப் பாரு, எப்படி மினுங்குது. என்ன, முகம் வெளுத்துப் போச்சு?

— ஒண்ணுமில்ல. தேன்னு நீங்க சொல்லவே இல்லையே.

— வாயைப் பொளந்து நிக்கறதைப் பார்க்கணும்னுதான் சொல்லல. நீ நிக்கறது வேற மாதிரி இருக்கு.

— மனாங், தேன் பச்சைப்பிள்ளைக்கு ஆகாது.

— அது எனக்குத் தெரியாதா? எங்க ஊர் சுகாதார நிலையத்துச் செவுத்துல படம் போட்டே எழுதியிருக்கு. நர்ஸைக் கேட்டுட்டுத்தான் கடைக்குப் போனேன். ஒரு வயசுக்குள்ள குடுத்தா கை கால் துவண்டுடும், மூச்சு முட்டும், சில பிள்ளை பிழைக்கறதே கஷ்டம்னா. ஒரு வயசு முடிஞ்சா பயமில்லைன்னும் அவதான் சொன்னா. இன்னிக்கு மார்ச் ஒன்பது. முடிஞ்சுதா இல்லையா?

— இன்னிக்குத்தானே. அதுக்குள்ள...

— நீ விடியக்காலை நாலு மணிக்குப் பெத்தே. இப்ப மணி ஒண்ணரை. கணக்குக்கு மேலயே ஆச்சு.

— அவனுக்கு நேத்திலேர்ந்து வயிறு சரியில்ல.

— நான் வந்ததும் ஒரு கிண்ணம் கஞ்சி குடிச்சுட்டு இன்னொரு கிண்ணத்துக்கு அழுதான். வயிறு சரியில்லாத பிள்ளை அப்படியா அழும்?

— நான் வேற ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன் மனாங். சின்னதா, ஆவியில வச்சது. வெறும் பழமும் மாவும். ஊட்டறதுக்கு அது போதும். உங்க கேக்கை விருந்தாளிங்களுக்கு வெட்டிடலாம்.

— ஓ. நேத்தே செஞ்சு வச்சுட்டியா?

— காலையிலதான். அது வந்து, உங்களைக் குறைவா நினைச்சு இல்ல.

— அறுபது பேர் வரப்போறாங்க. உங்க பக்கத்து ஆளுங்க, எங்க பக்கத்து ஆளுங்க, பாதிரியார் வேற. அவங்க முன்னாடி ஞானத்தாய் கொண்டாந்த கேக் ஒரு பக்கம், பெத்தவ அவிச்ச கேக் ஒரு பக்கம். பிள்ளை உன்னுதைத் தின்னும், நான் கையைக் கட்டிக்கிட்டு நிப்பேன். அப்படித்தானே?

— அப்படி இல்ல மனாங்.

— வேற எப்படி? மூணு மணிக்குக் கூட்டம் வந்துடும். அதுக்கு முன்னாடி என் தம்பி ரோடெல் கூப்பிடுவான், கப்பல் நங்கூரம் போட்டிருக்கற ஒரு மணி நேரந்தான் அவனுக்கு லைன் கிடைக்கும். அவன் பார்க்கறப்ப நான் ஊட்டணும். போன தடவை லீவு முடிஞ்சு கப்பலுக்குப் போறப்பவே சொல்லிட்டுப் போனான், அவனுக்கு நீதான் ஊட்டணும் அக்கான்னு. சரி, பிள்ளையே முழிச்சுக்கிட்டான் பாரு. வாடா என் ராஜா, வா வா. தூக்கம் போச்சா? யாரு கேக்கு இது? உன் கேக்கு.

— அவனை என்கிட்டக் குடுங்க மனாங்.

— இருக்கட்டும், ஞானத்தாய் மடியில இருந்தா தேய்ஞ்சா போயிடுவான். பாரு, எப்படித் தாவறான். ஒரு விரல், ஒரே ஒரு விரல் நக்கட்டும். ருசி பழகினாத்தான் எல்லார் முன்னாடியும் துப்பாம தின்பான்.

— விரலை எடுங்க.

— என்ன?

— எடுங்கன்னு சொல்றேன் மனாங். அவன் வாய்கிட்ட கொண்டு போகாதீங்க.

— என் கையைத் தட்டி விட்டுட்டே.

— மன்னிச்சுக்கோங்க. தெரியாம...

— தெரிஞ்சுதான் தட்டினே. பிள்ளையைப் பிடுங்கிக்கிட்டும் போயிட்டே. எனக்குப் புரியாமலா இருக்கு? நான் மலடி. என் கையால முதல் வாய் ஊட்டினா பிள்ளைக்கு ஆகாதுன்னு உங்க ஊர்ல எவளாவது சொல்லியிருப்பா.

— ஐயோ, சத்தியமா இல்ல.

— அப்புறம் என்ன? சீனி வேண்டாம்னே, சரி. தேன் வேண்டாங்கறே. நாளைக்கு நானே வேண்டாம்பே. பெத்தவ நீ, உனக்குத்தான் எல்லாம் தெரியும். பெறாதவளுக்கு என்ன தெரியும், அதைத்தானே சொல்றே?

— நானும் இவனைப் பெறல மனாங்.

— என்னது?

— இவனை நான் பெறல.

— இன்டாய், கோவத்துல வாய்க்கு வந்ததைப் பேசாதே. எங்க வீட்ல எல்லார் போனுக்கும் நீ மெசேஜ் போட்டே. ஆம்பளைப் பிள்ளை, மூணு கிலோன்னு. நான் இன்னும் அழிக்காம வச்சிருக்கேன்.

— அது பொய் இல்ல. அன்னிக்கு ஒருத்தன் பிறந்தான். நாலு நாள் இருந்தான்.

— உட்காரு. உட்கார்ந்து சொல்லு. பிள்ளையை இறுக்காதே, அவன் நெளியறான்.

— உங்களுக்கே தெரியும், நான் பிரசவத்துக்கு நெக்ரோசுக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். நாலாம் நாள் சாயங்காலம் பால் குடிக்கல. ஆஸ்பத்திரி வாசல்லயே போயிட்டான். அவர் கப்பல் அப்ப நடுக்கடல்ல இருந்துது. பதினஞ்சு நாளா லைன் இல்ல. லைன் கிடைச்சதும் அவர்தான் முதல்ல பேசினாரு, என்னைப் பேசவே விடல. ஏதோ துறைமுகத்துல இறங்கி சின்னதா ஒரு ஜோடி ஷூ வாங்கியிருந்தாரு. அதை விரல்ல மாட்டி மேசைமேல நடக்க விட்டுக் காமிச்சாரு. எனக்கு வாயே வரல மனாங்.

— கடவுளே. அப்புறம்?

— அப்புறமும் வரல. எடுத்து வச்சிருந்த நாலு நாள் படத்தையே திருப்பித் திருப்பி அனுப்பினேன். தினமும் இன்னிக்குச் சொல்லிடலாம்னு நினைப்பேன். மே மாசம் எங்க சித்தி பொண்ணு மெர்லிக்குப் பிள்ளை பிறந்துது. அவ ஹாங்காங்குல வீட்டு வேலை பார்க்கறவ, கல்யாணம் ஆகல, திரும்பிப் போயே ஆகணும். அக்கா நீ வச்சுக்கோன்னா. எனக்கு மார்ல பால் வத்தவே இல்ல. தூக்கி வச்சுக்கிட்டேன்.

— அப்ப நாங்க ஜூலையில ஞானஸ்நானம் குடுத்தது...

— இவனுக்குத்தான். பேரு மட்டும் அவனோடது. ரோடெல் பேர்ல பாதி, என் பேர்ல பாதி சேர்த்து அவனுக்குன்னு வச்சது. இன்னொரு பேர் தேட எனக்குத் தெம்பு இல்ல.

— கோழிக்குஞ்சு மாதிரி இருக்கான், நாலு மாசப் பிள்ளை மாதிரியே இல்லைன்னு நான் அன்னிக்குச் சொன்னேன். பால் பத்தலைன்னு உன்னைத் திட்டினேன்.

— திட்டினீங்க. அவனுக்கு அப்ப ரெண்டு மாசம். மே ஏழாம் தேதிதான் மனாங் இவனுக்கு ஒரு வயசு. அதனாலதான் கையைத் தட்டினேன். உங்க கைங்கறதுக்காக இல்ல.

— ஒரு வருஷமா எங்க எல்லாரையும் முட்டாளாக்கி வச்சிருந்திருக்கே.

— ஆமாம்.

— செத்த பிள்ளைக்கு ஒரு பூசை வைக்கல, ஒரு பூ வாங்கல. எங்க ரத்தம் அது. எங்க புதைச்சீங்கன்னாவது எங்களுக்குத் தெரிய வேண்டாமா? என் தம்பிக்கு இதெல்லாம் தெரியுமா தெரியாதா?

— தெரியாது. அக்டோபர்ல வந்து மூணு மாசம் இவனைத் தோள்லயே போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு. குளிக்கப் போனாலும் கூடத் தூக்கிட்டுப் போனாரு. அதைப் பார்த்தப்புறம் நான் எப்படிச் சொல்வேன்? சொன்னா இவனை இறக்கி விட்டுடுவாரு.

— இறக்கித்தான் விடுவான்னு நீயே எப்படி முடிவு பண்ணினே?

— பண்ணல. பயந்தேன். எனக்கு ஒண்ணு போயிடுச்சு மனாங், இவனும் போனா நான் இருக்க மாட்டேன்.

— போன் அடிக்குது.

— எடுக்காதீங்க.

— எடுக்காம எப்படி இருக்கறது? மணி ரெண்டு. அவன்தான்.

— கொஞ்சம் பொறுங்க. நீங்க என்ன சொல்லப் போறீங்க?

— எனக்கே தெரியல. முகத்தைத் துடை. ...ரோடெல், சொல்லுடா.

— என்ன மனாங், கூரையைக் காமிச்சுக்கிட்டு நிக்கறே? மின்விசிறி சுத்தறதைப் பார்க்கவா நான் மேல் தட்டுல வெயில்ல நிக்கறேன்? எங்க நம்ம பெரிய மனுஷன்?

— இருக்கான், அவன் அம்மா இடுப்புல. இங்க ஒரு சின்ன சிக்கல்டா. நான் சொன்னதுக்கு மேல அந்தக் கடைக்காரி கேக்குல தேனை ஊத்தித் தொலைச்சுட்டா. அதனால பிள்ளைக்கு இன்னிக்கு ஊட்டல. வந்தவங்களுக்கு வெட்டிடலாம்.

— தேனா? வாயில வச்சுடலையே?

— இல்ல. வைக்கத்தான் போனேன். உன் பொண்டாட்டி பிடிச்சுட்டா.

— அப்பாடா. நல்ல காரியம் பண்ணினா.

— நீ ஏண்டா இப்படிப் பதறறே? ஒரு வயசு முடிஞ்ச பிள்ளைக்குத் தேன் குடுத்தா என்னன்னு நீ என்னைக் கேட்டிருக்கணும். ஆமாவா இல்லையா?

— மனாங்.

— சொல்லு.

— போனை ஜோவெலின் பக்கம் திருப்பு.

— திருப்பிட்டேன். அழுதுக்கிட்டு நிக்கறா.

— ஜோவி, என்னைப் பாரு. நான் அக்டோபர்ல வந்த ரெண்டாம் நாளே, நெக்ரோசுக்குப் போனப்ப உங்க அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. என்னைக் கல்லறைக்கும் கூட்டிட்டுப் போனாங்க. நீயா ஒரு நாள் சொல்லுவேன்னு காத்திருந்தேன். நாள் ஆக ஆக எனக்கும் வாய் வரல. சின்னவனுக்கு மே ஏழாம் தேதி நல்லதா ஒரு கேக் வெட்டலாம், மனாங்கே ஊட்டட்டும்.

— அப்ப இன்னிக்கு?

— இன்னிக்கு மெழுகுவர்த்தியை மட்டும் ஏத்து. பெரியவனுக்கு.