மந்திரிய எடுத்துடு மமதா

பேர்ல தப்பு இல்லம்மா மமதா, பேரு சரியாத்தான் இருக்கு. அதுக்குக் கீழ பாரு, 'தைவான் நாட்டுக் கலாச்சார அமைச்சர்'னு... அத எடுத்துடு. என்னது, பேனரு பிரிண்ட் ஆயிடுச்சா? ஆயிடுச்சுன்னா இன்னொண்ணு அடி. எம்பொண்ணு லவினா கல்யாணம் முடியறதுக்குள்ள உன் கடைக்கு வரதுக்கே நான் இந்த ஒக்கலிபுரம் பாலத்தடியில எத்தன தடவதான் ஆட்டோல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கறது, சொல்லு.

எல்லாம் அந்த யாலிங்கால வந்தது. யாரா? போட்டோல கண்ணாடி போட்டுக்கிட்டு இருக்காளே, அவதான். எங்க மாடி ரூம்ல குடியிருந்தவ. தைவான்ல மியூசிக் புரொபசர். நம்ம சர்ச் தேருக்கு பேண்டு வாசிக்கறாங்கல்ல, அத ஆராய்ச்சி பண்றேன்னு வந்தா. ரிக்கார்டர நீட்டிக்கிட்டு, தேருக்கு முன்னாடி பின்பக்கமாவே நடப்பா. ஒருநாளு டிரம்பெட்காரர் மேல மோதி, ரெண்டு பேரும் சாக்கடையில. அப்புறம் வருஷா வருஷம் திருவிழாவுக்கு வந்துடுவா. லவினாவுக்கு கீபோர்டு சொல்லிக் குடுத்ததே அவதான்.

ஊருக்குப் போனா சும்மா இருப்பாளா? பழைய நாடகக் கொட்டாயெல்லாம் இடிக்கிறீங்களேன்னு கவர்மெண்ட பேப்பர்ல கிழிகிழின்னு கிழிச்சா. அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? இவ்ளோ பேசறியே, நீயே மந்திரியா வந்து பாருன்னுட்டாங்க. எனக்கு போன் போட்டு, சேரட்டுமாக்கான்னா. சேருடின்னேன்.

கொட்டாய காப்பாத்திட்டா, அதுல கொற சொல்ல முடியாது. ஆனா அதோட ஆளக் காணோம். திருவிழாவுக்கும் வரல. போன் பண்ணா மீட்டிங்கு. கல்யாணத்துக்காவது வந்துடுவான்னு நானா நெனச்சுக்கிட்டேன். மாப்பிள்ள வீடு வைட்ஃபீல்டு. பேச்சுக்குப் பேச்சு எங்க பக்கம் எம்எல்ஏ வராருன்னாங்க. நானும், எங்க பக்கம் ஃபாரின் மந்திரியே வராங்கன்னு எடுத்து விட்டேன். சம்பந்தியம்மா எம்எல்ஏவ விட்டுட்டு சாப்பாட்டுப் பேச்சுக்குப் போயிட்டாங்க. எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா.

போன வாரம் போன் பண்றா. அக்கா, மந்திரியா இருக்கறவரைக்கும் நெனச்சபடி இந்தியாவுக்கு வர முடியாது, கல்யாணத்துக்கு விட மாட்டாங்கன்னு. அழுவறா. ஒரு பாட்ட முழுசா கேட்டு எவ்ளோ நாளாச்சு தெரியுமாக்கா, ரிப்பன வெட்டிட்டு பாதிப் பாட்டுலயே எழுந்து அடுத்த ஊருக்கு ஓடறேன்னா. எனக்குப் பொறுக்கல.

இரும்மா, பேனருக்குத்தான் வரேன். நேத்து ராஜினாமா குடுத்துட்டா. மறுபடி காலேஜுக்கே போறாளாம். சனிக்கிழம இங்க வந்து எறங்கறா. இப்ப சம்பந்தியம்மா மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?

பதவிய விடச் சொன்னது யாருன்னா கேக்கற?

நாந்தான். வேற யாரு. சேருன்னதும் நாந்தான், விட்டுட்டு வாடின்னதும் நாந்தான். மந்திரிக்கு வேற ஆளு கெடைக்கும். லவினாவுக்கு இன்னொரு யாலிங்குக்கு நான் எங்க போவேன்?

அந்த எடத்துல என்ன போடறதா? பேராசிரியர்னு... வேணாம், அது எதுக்கு. 'மணமகளின் சித்தி'ன்னு போடு. எழுத்து நல்லா பெருசா இருக்கட்டும், எம்எல்ஏ பேனர அதுக்குப் பக்கத்துலதான் கட்டப் போறாங்க.