எதிரில் போட்ட சேர்

ஆவடியில் மின்சார ரயில் கிளம்பியதும், எனக்குப் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "நேத்து எங்கப்பா எதிர்லயே சேர் போட்டு ஒக்காந்துட்டேன்டி." அன்று அவளுக்கு அம்பத்தூரில் முதல் இண்டர்வியூ. ஃபைலை மடியிலிருந்து இறக்கவேயில்லை.

"உங்கூட்லயா? நின்னுகினுதானே பேசுவ?"

"இண்டர்வியூ ட்ரெய்னிங்ல சொன்னாங்கல்ல, நிமுந்து ஒக்காந்து கண்ண பாத்து பேசுன்னு. அப்டியே பேசினேன். ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க யாரும் வர வேணாம், நான் வேலைக்குப் போவணும்னேன்."

"மொத நாளு க்ளாஸ்ல பேர் சொல்றதுக்கே அழுதவளா இது? அவரு இன்னா சொன்னாரு?"

"எந்திரின்னாரு. நான் எந்திரிக்கல. ரொம்ப நேரம் கழிச்சு, மாப்ள ஊட்டுக்குப் போன் போட்டு வர வேணாம்னுட்டாரு. எங்கிட்டதான் இன்னும் பேசல. காலைல 'வரேன்பா'ன்னேன். திரும்பிக்கூட பாக்கல."

தோழி அவளுடைய துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டாள். அம்பத்தூர் வந்தது. இருவரும் எழுந்து கதவருகே போனார்கள்.

"இண்டர்வியூன்னா பயமா இருக்காடி?"

"இல்ல. அங்க ஒக்காந்துகினு கேக்கப் போறவங்க யாரும் எங்கப்பா இல்லையே."