கத்தரிக்கோல் சத்தத்துக்கு முன்னால்

ஹலோ... ஹலோ மாமா? நான்தான்... ஆமா, ஓயாம பேசறான்னு நீங்க பேர் வச்ச ரேடியோதான் பேசறேன். அக்கா இல்லையா?... பக்கத்துல இல்லையா, இல்ல பேச மாட்டேன்னுட்டாளா?... சரி. சரி சரி... புரியுது.

என்ன தண்ணி சத்தம்?... ஓ, கிளைக்கெல்லாம் தண்ணி மாத்துறீங்களா. அப்போ நாளைக்கு அக்காவோட பூ அலங்கார நிகழ்ச்சி இருக்கு?... இல்ல, நிறுத்திட்டாளோன்னு நினைச்சேன்... சாப்பிட்டாளா?... நேத்துலேருந்தேவா?

மாமா, நீங்க கொஞ்சம் அவகிட்ட சொல்லுங்களேன்... என்னத்தையா? நேத்து மேடையில நடுவுல வாசிச்சது வேணும்னு செஞ்சதில்லைன்னு... ஆமா... ஆமா, எனக்குத் தெரியாதா? அத்தனை ஒத்திகையும் கூடவே இருந்தவன் நான். அவ மேடையில அந்தப் பெரிய கிளையைத் தூக்கினதும் என் வயலின் நிக்கணும். அந்தக் கிளை எந்தப் பக்கம் சாயணும்னு அதுவா சொல்ற வரைக்கும் அவ அப்படியே நிப்பா. அப்புறம் ஒரே வெட்டு. தொட்டிக்கு அடியில இருக்கிற மைக்ல அந்தக் கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேக்கணும். அதுக்கப்புறம்தான் நான்... தெரியும் மாமா, தெரியும்...

பயந்துட்டேன். அவ்வளவுதான். ரொம்ப நேரம் அசையாம நின்னா. உறைஞ்சு போயிட்டாளோன்னு... காப்பாத்தலாம்னுதான்...

...

இல்ல. லைன்லதான் இருக்கேன்.

...

மாமா, ஒண்ணு சொல்றேன். அவகிட்ட சொல்லக்கூடாது... அவ உறையல. எனக்குத் தெரியும். அவ விரல் மெதுவா கிளையைத் திருப்பிக்கிட்டே இருந்துச்சு. நான் பார்த்தேன்.

ரெண்டாவது வரிசையில எங்க ஆபீஸ் ஆளுங்க... ஆமா, நான்தான் கூப்பிட்டேன். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். மேனேஜர் அப்பவே கேட்டாரு, 'ஜப்பான் பூ அலங்காரமா? ஜாடியில பூ வைக்கிறதுக்கு ஒரு டிக்கெட்டு, அதுக்கு வயலின் வேறயா? எங்க வீட்ல ஓசியிலயே நடக்குதேப்பா'ன்னு... நான் சிரிச்சேன் மாமா. அவரோட சேர்ந்து நானும் சிரிச்சேன்.

நேத்து அவ கிளையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. யாரோ இருமுறாங்க. ஒரு நாற்காலி கிறீச்சுங்குது. மேனேஜர் பக்கத்து ஆள் காதுல என்னமோ சொல்றாரு, ரெண்டு பேருக்கும் தோள் குலுங்குது... எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. அவளுக்காக இல்ல. எனக்காக. இவ என் அக்கான்னு இவங்களுக்குத் தெரியுமேன்னு... அதான் வயலின் வில்லை எடுத்து வாசிச்சுட்டேன்.

...

ஆமா. கை தட்டினாங்க. முடிஞ்சிருச்சுன்னு நினைச்சு. அவ ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தா. கிளையைத் தரையில வச்சுட்டு... வெட்டவே இல்ல மாமா. தலையைக் குனிஞ்சுட்டு உள்ள போயிட்டா. வெளியில மேனேஜர் என் முதுகைத் தட்டி, 'உன் வயலின்தான்யா மானத்தைக் காப்பாத்துச்சு'ங்கிறாரு. நான் தேங்க்ஸ் சொன்னேன்... சிரிச்சுக்கிட்டே.

...

மாமா? தண்ணி சத்தம் நின்னுபோச்சே... ஆமா, உங்க ரெண்டு கையும் பக்கெட்டுலதானே இருந்துச்சு? அப்போ போனை எங்க... ஸ்பீக்கர்லயா?

...

அக்கா?

...

அக்கா, இருக்கியா?... எப்பலேருந்து... முதல்லேருந்தேவா...

...

இல்லக்கா, நான் அந்த அர்த்தத்துல சொல்லல... இல்ல. அந்த அர்த்தத்துலதான் சொன்னேன்.

...

...

சரி... சரிக்கா, வரேன்... வயலின் கொண்டு வரணுமா?... சரி. வில்?... வேண்டாமா?

வில் இல்லாம எப்படிக்கா... ஓ. மேடையிலயே. வயலினை மடியில வச்சுக்கிட்டு, வாசிக்காம... கடைசி வரைக்குமா? எல்லாரும் என்னையே பார்ப்பாங்களேக்கா...

...

சரி. உக்காரறேன்.

ஆபீஸ் ஆளுங்களா? அவங்கதான் நேத்தே பார்த்துட்டாங்களே... திரும்பவா? நானேவா?...

...

கூப்பிடறேன்... என்னன்னு சொல்லி?... ம்... ம். 'நேத்து முடியல, நான் கெடுத்துட்டேன், எங்க அக்கா நாளைக்கு முடிப்பா'ன்னு... சொல்றேன். அப்படியே சொல்றேன்.

அக்கா, அந்தக் கிளை தண்ணியிலதானே இருக்கு?... இன்னும் வெட்டலையே?...

...

...

ம். போனை வச்சுட்டா.