சைரன் கேட்காத பன்னிரண்டு பேர்

ஈரத் துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு நான் ஓடிக்கொண்டிருந்தேன், மேடம். முழங்கால் வலிக்காரன் நான். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயில் கண்ணெதிரே கிளம்பினால்கூட ஓட மாட்டேன். அடுத்ததில் போகலாம் என்று நின்றுவிடுவேன். அன்று ஓடினேன்.

தலைக்கு மேலே சைரன் அலறியது. கம்ப்ரசர் அறையில் ஒரு பழைய வால்வு பிய்த்துக்கொண்டு, அம்மோனியா வெள்ளைப் புகையாகத் தரையோடு தரையாகப் பரவி வந்தது. எல்லோரும் வெளியே ஓடிய பாதையில் நான் ஒருவன்தான் உள்ளே போனேன். அதைப் பார்த்தவர்கள் முந்நூறு பேர். உங்கள் ஃபைலிலும் அப்படித்தான் இருக்கும்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை என்பது உண்மைதான். ஐந்து மாதம் முன்பு மூடிய கேஸுக்கு எதற்கு இவன் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று உங்கள் ஏட்டு முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. நானாகத்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

பெயர் வீரராகவன். இறாலைப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் அந்தத் தொழிற்சாலையில் பணியாளர் நல மேலாளர். காது கேளாத பெண்களை வேலைக்கு எடுக்கலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். முதலாளி சிரித்தார். உற்பத்திப் பிரிவு ஏழுமலை, "சார், காது கேக்கறதுங்களே நம்ம பேச்ச கேக்க மாட்டேங்குது, இதுங்கள இட்டாந்து இன்னா பண்றது?" என்றார். நான் விடவில்லை. பொன்னேரி, பழவேற்காடு என்று ஊர் ஊராகப் போய்ப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தேன். ஒரே வருடத்தில் இறால் உரிப்பதில் அவர்கள் மற்றவர்களைத் தாண்டிவிட்டார்கள். சம வேலை, சம சம்பளம், சம மரியாதை. இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

அந்தப் பன்னிரண்டில் கவிப்பிரியா கெட்டிக்காரி. பழவேற்காட்டு மீனவக் குடும்பம். வேலையில் சேர்க்க வந்த அன்று அவள் அம்மா எல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா, யாரு கூப்ட்டாலும் இதுக்குக் கேக்காது. நீதான் பாத்துக்கணும்" என்றாள். பார்த்துக்கொண்டேன். கவி டீ நேரத்தில் எனக்குச் சைகை சொல்லித் தந்தாள். 'சாப்பிட்டாயா' என்று கேட்பதாக நினைத்து நான் ஏதோ கையை ஆட்டுவேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவளுடைய ஜோடி தமிழ்செல்வி, "சார், நீங்க பேசறது கொசு ஓட்டற மாரி கீது" என்பாள். ஆறு மாதத்தில் தேறிவிட்டேன்.

ஜோடி என்றால் என்ன என்று கேட்பீர்கள். சைரன் கேட்காத ஒவ்வொருத்திக்கும், கேட்கிற ஒருத்தி ஜோடி. சைரன் அடித்தால் அவள் ஓடி வந்து தோளைத் தட்டி இழுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். சைரனோடு சேர்ந்து சுற்றும் சிவப்பு விளக்குகள் வரும்வரைக்குமான ஏற்பாடு அது. விளக்குகளும் வந்தன. மாட்டினோம், படம் எடுத்தோம், மேலிடத்துக்கு அனுப்பினோம். ஈரத்தில் ஒன்றிரண்டு கெட்டுப்போக, ஏழுமலை எல்லாவற்றையும் கழற்றி ஸ்டோர் அறையில் போட்டுவிட்டார். அறிக்கையில் அவை ஒழுங்காகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்.

கவி விளக்கைப் பற்றிப் பதினோரு தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் 'அடுத்த மாதம்' என்றேன்.

பிறகு ஒரு பரிசுப் பேச்சு வந்தது. எல்லோரையும் அரவணைக்கும் தொழிற்சாலைக்கு ஒரு விருது. கடைசிச் சுற்றில் நாங்கள். தேர்வுக் குழு நேரில் வந்து பார்க்கும் என்றார்கள். அதற்கு முந்தின நாள் கவி என் அறைக்கு வந்து ஒரு கடிதத்தை நீட்டினாள். ஒன்றரைப் பக்கம், அழகான கையெழுத்து. 'விளக்கு இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். இல்லை. ஜோடி லீவு போட்டால் எங்களுக்குப் பயமாக இருக்கிறது.' அதைக் குழுவிடம் கொடுக்கப் போகிறாளாம். எனக்குத் தெரியாமல் கொடுப்பது மரியாதை இல்லை என்று முதலில் என்னிடம் காட்ட வந்திருக்கிறாள்.

பயந்துவிட்டேன், மேடம். வேலை போகும் என்பதுகூட இல்லை. படம் போட்டு, பேட்டி கொடுத்து, கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசியவன் பொய்யன் என்று நாலு பேர் முன்னால் ஆகிவிடுமே என்றுதான். பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். இந்தக் கடிதம் போனால் பன்னிரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வேண்டாம் என்றேன். 'பயந்துகொண்டே எத்தனை நாள் வேலை செய்வது?' என்று கேட்டாள். கடிதத்தை மடித்து வேலைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை தமிழ்செல்வியைக் குழுவுக்குப் பூங்கொத்து கொடுக்க வாசலுக்கு அனுப்பினேன். அவள் தயங்கினாள். "சார், கவி ஃப்ரீசர்ல தனியா கீது. நான் இங்க நின்னுகினு இருந்தா அத்த யாரு பாத்துப்பா?" என்றாள்.

"அரை மணி நேரம்தானே" என்றேன்.

இதை வைத்து நான் திட்டம் போட்டதாக நீங்கள் எழுதக் கூடாது. வால்வு பிய்யும் என்று யாருக்குத் தெரியும்? தமிழ்செல்வி சிரித்த முகம். வாசலில் அவள் நின்றால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

பத்து ஐம்பதுக்கு வால்வு பிய்ந்தது. குழுவின் கார் அப்போது சிப்காட் முனையில்தான் வந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எல்லோரையும் நிறுத்தித் தலை எண்ணினோம். உரிக்கும் கூடத்துப் பதினோரு பேரையும் ஜோடிகள் இழுத்துவந்துவிட்டார்கள். ஒரு தலை குறைந்தது. தமிழ்செல்வி பூங்கொத்தைக் கீழே போட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். "சார், கவி உள்ள கீது சார்! யாராவது போங்க சார்!"

அவள் ஓடப் பார்த்தாள். நாலு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஏழுமலை என் முகத்தைப் பார்த்தார். "நான் போகிறேன்" என்றேன். அதைச் சொன்னபோது நிஜமாகவே அவளைக் கூட்டிவரத்தான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் இருமிக்கொண்டு தனியாக வெளியே வந்தேன். புகையைத் தாண்ட முடியவில்லை என்றேன். தோளைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தார்கள். தீயணைப்பு வண்டி வர இருபது நிமிடம் ஆயிற்று. கவி குளிர் அறைக்கு வெளியே, நடைபாதையில் கிடந்தாள். பக்கத்தில் ட்ரே கவிழ்ந்து இறால் சிதறியிருந்தது. வேலையை முடித்துவிட்டு வழக்கம்போலக் கதவைத் திறந்துகொண்டு வந்திருக்கிறாள். அறைக்குள்ளேயே இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அன்று சாயங்காலமே ஏழுமலை விளக்குகளை மாட்டிவிட்டார். விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தது சுற்றுகிற விளக்குகளை. விளக்கைக் கவனிக்காமல் வேலை செய்திருக்கிறாள் என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் அவள் கோட்டை வாங்கிக்கொண்டவன் நான். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து விருதும் வந்தது. அவள் நினைவாக மேடையில் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம்.

எல்லம்மா அழவில்லை, மேடம். என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீயாவது ஓடினியே நைனா. என் பொண்ணுதான் வெளக்க பாக்கல. யார இன்னா சொல்றது?" என்றாள்.

இதோடு முடிந்திருக்கும். போன திங்கட்கிழமை எல்லம்மா மறுபடி வந்தாள், இளையவளைக் கூட்டிக்கொண்டு. பூமிகா. இவளுக்கும் காது கேட்காது. "அக்கா செஞ்ச வேலையே குடு. நீ கீற எடம்னா எனக்குப் பயம் இல்ல" என்றாள் எல்லம்மா. எப்படி மறுப்பது? சேர்த்துக்கொண்டேன். புதன்கிழமை டீ நேரத்தில் பூமிகா என்னிடம் வந்து சைகையில் கேட்டாள். விளக்கு சுற்றியும் அக்கா ஏன் வரவில்லை? அக்காவுக்குக் கண் நன்றாகத் தெரியுமே?

பதில் சொல்லக் கையைத் தூக்கினேன். பாதியில் இறக்கிவிட்டேன். அன்றிலிருந்து பயமாக இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது என் கைகள் மடியில் தாமாக அசைகின்றன. பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறார். நேற்று சைரனைச் சோதித்துப் பார்த்தார்கள். பதினோரு பெண்களும் விளக்கைப் பார்த்தார்கள். பூமிகா என்னைப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் கைகளை ஒளித்துக்கொண்டேன். ஒருநாள் நிஜமாகவே அடித்து, அவள் அப்படிப் பார்த்தால், இந்தக் கைகள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் வந்தேன்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. 'குளிர் அறையை அடைய முடியவில்லை' என்று நான் கையெழுத்துப் போட்ட தாள் உங்களிடம் இருக்கிறது. அடைந்தேன், மேடம். கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. அங்கே புகை இன்னும் கணுக்காலைத் தாண்டவில்லை. உள்ளே கவி ட்ரே அடுக்கிக்கொண்டிருந்தாள். என் தலை தெரிந்ததும் திரும்பினாள். காதோரம் விரல்களை விரித்து மூடி, புருவத்தை உயர்த்தினாள். சைரன் அடிக்கிறதா என்று கேட்டாள்.

கோட்டுப் பையில் கடிதத்தின் முனை வெள்ளையாகத் தெரிந்தது.

கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன். இல்லை. பிறகு, வேலையை முடித்துவிட்டு வா என்று காட்டினேன். அவள் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, மறுபடி ட்ரேயைத் தூக்கினாள். சந்தேகப்பட்டுப் பின்னாலேயே வந்துவிடக் கூடாதே என்று, அவள் முதுகு திரும்பும்வரை அங்கேயே நின்றேன். பிறகுதான் ஓடி வந்தேன்.

மற்ற பதினோரு பேரில் ஒருத்தி வேலைகூட இன்றுவரை போகவில்லை, மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.