விளக்கு என்று நான் சொன்னது

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே, மேடையில் வாடிய முகத்தோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, டாக்டரின் துணைவியார் கோமதியம்மாள் அவர்களே, தென்காசிப் பெருமக்களே! டாக்டர் நாறும்பூநாதன் அவர்களிடம் பதினெட்டு ஆண்டுகள் கம்பவுண்டராக இருந்த அகமது கபீர் பேசுகிறேன்.

இவ்வளவு கூட்டமா! ஐயா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். மூன்று வருடமாக அவருடைய ஆஸ்பத்திரி பெஞ்சில் ஈக்கள்தான் உட்கார்ந்திருந்தன. 'அணு டாக்டர்' என்று பெயர் வைத்து ஒதுக்கினோமே, அந்தப் பெயர் எப்படி வந்தது? இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன்.

அறுபத்தொன்றில் கீழப்பாவூர் ஆவுடையம்மாள் மார்பில் கட்டியோடு வந்தார். மதராஸுக்குப் போய் அணுக்கதிர் சிகிச்சை எடுத்தால் பிழைக்கலாம் என்றார் ஐயா. கணவர் பரமசிவன் எழுந்துவிட்டார். "சப்பான்ல ஊரையே எரிச்ச சனியனா? எம் பொஞ்சாதி இங்கனயே கெடக்கட்டும்" என்றார்.

"பேரை மாற்றிச் சொல்லுங்கள் ஐயா" என்று கெஞ்சினேன். "மறைச்சு அனுப்பினா, உண்மை தெரியுத அன்னைக்கு நம்மள நம்பமாட்டாங்க கபீர்" என்றார். கேட்டேனா? வாசலில் பரமசிவன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கபீரு, நெசமாச் சொல்லும். இது அந்த அணுவா, வே?"

"இல்ல அண்ணாச்சி, சும்மா ஒரு வெளக்குதான்" என்றேன்.

இருவரும் மதராஸ் போனார்கள். கட்டி கரைந்தது! திரும்பும் ரயிலில் யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். பரமசிவன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், அணுவைக் கழுவ மெயின் அருவியில் ஆவுடையம்மாளை நிறுத்தினார். ஆடி மாதத் தண்ணீர். கதிர் பட்டுப் புண்ணான தோல் ஆறும்வரை அந்த இடத்தில் தண்ணீரே படக்கூடாது என்று மதராஸில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் எந்த டாக்டர் பேச்சைக் கேட்பார்கள்? தோல் உரிந்து, சீழ் வைத்து, நாற்பதாம் நாள் அந்த அம்மாள் போய்விட்டார்.

ஊர் ஐயாவைத்தான் 'அணு டாக்டர்' என்று ஏசியது. ஒரு நாளும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானாவது வாய் திறந்தேனா? அதற்குப் பிறகு எத்தனை பேர் கட்டியை மறைத்துக்கொண்டு வீட்டிலேயே செத்தார்கள்! அந்தக் கவலை அவரை அரித்தது. "இன்னைக்கு ஒரு ஆளாவது வந்தாங்களா கபீர்?" போன வெள்ளிக்கிழமை காலையில் கேட்டார். இல்லை என்றேன். மத்தியானம் மாரடைப்பு.

ஐயா, இனி கட்டியோடு வருகிறவர்களிடம் அணு என்றே சொல்வேன். பயந்தால் நானும் கூடவே ரயில் ஏறுவேன். புண் ஆறும்வரை அருவிப் பக்கம் விடமாட்டேன். இந்தச் சபை சாட்சி!

பின்வரிசையில் பரமசிவன் அண்ணாச்சி நிற்கிறார். அண்ணாச்சி, அன்று வாசலில் நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம், அது அணுதான். உங்கள் மனைவியின் கட்டியைக் கரைத்ததும் அதுதான்.